எந்த உலாவியில் திறக்க?

லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது மாடியில் கதவை நெம்பித் திறந்தபோது உள்ளே இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் மல்லாந்து கிடந்தார். மற்றவர் அவர் மேல் கவிழ்ந்து, அவருடைய டையை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். கீழே கிடந்தவரும் சும்மா இருக்கவில்லை. மேலே இருந்தவரின் காதைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தார். காலையில் லிஃப்ட் நின்றதிலிருந்து இருவரும் அதே நிலையில்தான் இருந்தார்களாம். வெளிச்சம் பட்டதும் எழுந்தார்கள், சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்கள், அவனுக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் காதைப் பொத்தியபடி இடப்பக்கம் போனார். மற்றவர் வாயைத் துடைத்தபடி வலப்பக்கம் போனார்.

அவன் எத்தனையோ லிஃப்ட்டுகளைத் திறந்தவன். உள்ளே அழுதவர்களையும் மயங்கி விழுந்தவர்களையும், தூங்கிப்போய் எழுப்பியதற்குக் கோபித்துக்கொண்ட ஒருவரையும்கூடப் பார்த்திருக்கிறான். இது புதிது. இருந்தாலும் வந்த வேலை லிஃப்ட். அதிகாரிகளைப் பழுது பார்ப்பது அவன் பொறுப்பில்லை என்று ஸ்பேனரை எடுத்தான்.

அது அன்றாடப் பயன்பாட்டு ஒப்பீட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம். சாதாரண ஜனங்கள் இணையம் பார்க்க எந்த உலாவியை வைத்துக்கொள்ளலாம், மெயில் அனுப்ப எந்தச் சேவை தேவலை என்று ஒப்பிட்டுச் சொல்வதற்காக ஏற்படுத்தப்பட்ட வாரியம். ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். இப்போது சொந்தக் கட்டடம், கேன்டீன், நிரந்தர முதலுதவிப் பிரிவு எல்லாம் வந்துவிட்டன. முடிவு மட்டும் வரவில்லை.

மாடிக்கு நடுவே தரையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இடப்பக்கம் சிறகுப் பிரிவு. சிறகு என்பது ஓர் உலாவி. அதோடு ஒட்டிப் பிறந்த மெயிலுக்குத் தூது என்று பெயர். வலப்பக்கம் துடுப்புப் பிரிவு. அதுவும் ஓர் உலாவிதான். அதன் மெயிலுக்குப் பெயர் ஓலை. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். சிறகில் பின்னால் போகிற அம்புக்குறி கொஞ்சம் உருண்டையாக இருக்கும், துடுப்பில் கொஞ்சம் கூராக இருக்கும். அந்த அம்புக்குறியால் இதுவரை இரண்டு விலா எலும்புகளும் ஒரு கீழ்த்தாடையும் உடைந்திருந்தன. நாற்காலிகளை எல்லாம் சங்கிலியால் மேஜையோடு பிணைத்திருந்தார்கள். யாரும் திருடிக்கொண்டு போவதைத் தடுக்க அல்ல. நாற்காலி கோட்டைத் தாண்டிப் பறந்து போகாமல் இருக்க.

சத்தம் கேட்டு வாரியத் தலைவர் தன் அறையிலிருந்து வந்தார். கழுத்தில் பட்டை, நெற்றியில் தையல், இடது கை தோளிலிருந்து தொங்கும் துணிக்கட்டில். முகத்தில் மட்டும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரின் சிரிப்பு. நல்லவிதமாகத்தான் விசாரித்தார். ஃபோனில் என்ன உலாவி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"ஃபோன் வாங்கும்போது அதுல என்ன இருந்துச்சோ அதுதான் சார்" என்றான் மெக்கானிக்.

"மெயில்?"

"கடைக்காரர் ஏதோ போட்டுக் குடுத்தாரு சார். பேரு ஞாபகம் இல்ல."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். நல்ல பாட்டைக் கேட்பவர் போல அவர் தலை மெல்ல ஆடியது, பட்டை இடம் கொடுத்த வரைக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து கோட்டின் ஓரத்தில் நின்று அவனைப் பார்த்தார்கள். வாரியத்தில் எல்லா வகை நிபுணர்களும் இருந்தார்கள். அன்றாடப் பயனர் என்று ஒருவர் மட்டும் இல்லை. இருந்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். போன வாரம் ஜன்னல் வழியாகப் பணியிலிருந்து விலகிவிட்டார். கீழே மரம் இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை என்று தலைவர் சொன்னார். அதைத் தோட்டத் துறையின் சாதனையாகச் சொன்னார்.

வாரியச் சட்டத்தின்படி, வளாகத்துக்குள் அகப்படும் எந்தச் சாதாரண மனிதரையும் அன்றாடப் பயனராக நியமிக்கலாமாம். அவனை அங்கேயே நியமித்தார்கள். தனக்கு வேலை இருக்கிறது, வேறு இடத்தில் இன்னொரு லிஃப்ட் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தான். கடைசியில், வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததையும் சொன்னான்.

அவனுடைய மாமியார் கறிக்கடை நடத்துபவர். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று கடையை நடத்தியவர். பேசிக்கொண்டே, வருகிறவர்களை நலம் விசாரித்துக்கொண்டே, எலும்பை மூட்டுப் பார்த்துப் பிரித்துவிடுவார். இரண்டு கருவிழிகளும் வெளுத்துப் போனபின் வாடிக்கையாளர்கள் அவருக்குப் புகை மாதிரி தெரிந்தார்கள். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார், தடவிப் பார்த்து வெட்டினார். கத்தியை மட்டும் கீழே வைக்க மாட்டேன் என்றார். போன மாதம் கட்டைவிரல் நுனி கறியோடு சேர்ந்து போய்விட்டது. கடையில் கூட இருக்கும் அவன் மனைவி அழுதுகொண்டே கொத்துக்கறியைக் கிளறித் தேடினாள். வாடிக்கையாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்குக் கோழியே போதும் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மாற்றுக் கருவிழிக்குப் பதிந்து வைத்திருந்தார்கள். யாராவது கொடுத்தால் மெயில் வரும். அன்று சாயங்காலத்துக்குள் அதில் இருக்கும் சம்மதம் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கண் அடுத்தவருக்குப் போய்விடும். ஃபோனில் கேட்டால் எல்லாம் மெயில்தான் என்று வைத்துவிடுவார்கள். ஒரு முறை அப்படித்தான் போனது. மெயில் வந்தபோது அவன் ஒரு கட்டடத்தின் அடியில், சிக்னல் இல்லாத லிஃப்ட் குழிக்குள் இருந்தான். விஷயம் தெரிந்ததும் மாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அதனால் ஃபோன் எப்போதும் கையில் இருக்க வேண்டும், தயவு செய்து விட்டுவிடுங்கள் என்றான்.

தலைவர் நெகிழ்ந்து போனார். "பிரமாதம் தம்பி. ஒரு கண்ணு, ஒரு மெயில், சாயங்காலத்துக்குள்ள பதில். இதைவிட அன்றாடமா ஒண்ணு எங்களுக்குக் கிடைக்குமா?"

அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். படிக்கட்டு வாசலில் நின்ற காவலர் முழங்காலை மடக்கி அவன் வயிற்றில் ஒன்று கொடுத்தார். அவன் மடங்கி விழுந்து, மூச்சு திரும்ப வந்தபோது அவனுடைய ஃபோன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. உள்ளே இருந்த மெயில்களை எல்லாம் அப்படியே நகலெடுத்துத் தூதிலும் ஏற்றினார்கள், ஓலையிலும் ஏற்றினார்கள். இனி அவனுக்கு வரும் மெயில் இரண்டிலும் வந்து விழும்.

சோதனைக் கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே அவனை உட்கார வைத்தார்கள். இடப்பக்கம் சிறகுப் பிரிவின் தலைவி நின்றார். ஒல்லியான உருவம், மெல்லிய குரல், கையில் ஓர் இரும்பு ஸ்கேல். எல்லோரும் அவரைச் சிறகு மேடம் என்றார்கள். வலப்பக்கம் துடுப்பு சார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள். உட்கார்ந்தால் நாற்காலிதான் பாவம்.

தொடங்குவதற்கு முன் தலைவர் சில வார்த்தைகள் பேசினார். வாரியத்தின் உயிர் நடுநிலைமை என்றார். "ஒப்பீடு முடியற வரைக்கும் எந்தப் பக்கமும் சாயக் கூடாதுன்னு, இங்க வேலை செய்யற நாங்க யாரும் மெயிலே திறக்கறது இல்ல. எனக்கு வந்த மெயில் எல்லாம் அப்படியே இருக்கு. என் சம்சாரம் மூணு வருஷம் முன்னாடி ஏதோ முக்கியமான விஷயம்னு ஒண்ணு அனுப்பியிருக்கா. இன்னும் பார்க்கல. வீட்டுல அவ இல்லங்கறது மட்டும் தெரியுது." எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினான். தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் வேகச் சோதனை. இடது கையில் ஒரு மவுஸ், வலது கையில் ஒரு மவுஸ். இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும்; பக்கம் எதில் முதலில் திறக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் தடவை துடுப்பு முந்தியது. அவன் வலது கைக்குச் சலுகை காட்டியதாகச் சிறகு மேடம் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, ஸ்கேலின் விளிம்பால் அந்தக் கையின் முட்டிகளில் ஒரே போடாகப் போட்டார். அடுத்த தடவை வலது கை சரியாக எழும்பாததால் சிறகு முந்தியது. துடுப்பு சார் அவன் இடது கையின் மேல் தன் முழங்கையை வைத்து உட்கார்ந்தார். அதற்கு அடுத்த தடவை இரண்டு பக்கங்களும் ஒன்றாகத் திறந்தன. அது சந்தேகத்துக்குரியது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஆளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். வாரிய வரலாற்றில் இரு பிரிவுகளும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு இதுதான் என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள்.

முதலுதவி நர்ஸ் பெட்டியோடு வந்தாள். சிறகுக்காரர்களுக்கு நீலக் கட்டு, துடுப்புக்காரர்களுக்குச் சிவப்புக் கட்டு. அவன் கையை நீட்டினான். அவள் சங்கடத்தோடு நின்றாள்.

"உங்களுக்கு எந்தக் கலர் போடறதுன்னு இன்னும் முடிவாகலிங்க" என்றாள். அவளைப் பார்த்தால் தப்பானவள் போலத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. எந்த மெயிலின் கடவுச்சொல்லை எடுப்பது கடினம் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தேவைப்படவில்லை. தூதுக்கான சோதனையில் காவலர் அவன் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் மெதுவாக முறுக்கினார். அவன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஏன் சொல்லாமல் இருக்கிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அந்த மெயிலில் ஒளிக்க எதுவும் இல்லை; ஆனாலும் அது அவனுடையது. தோள்பட்டையில் ஏதோ ஒன்று கழன்றதும் சொல்லிவிட்டான்.

ஓலைக்கான சோதனை தொடங்கும் முன்பே, இதுக்கும் அதே கடவுச்சொல்தான் சார், என்று தானாக ஒப்பித்தான். தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். ஒரே சூழ்நிலையில் சோதிக்காவிட்டால் ஒப்பீடு செல்லாது. காவலர் இடது கையை எடுத்துக்கொண்டார். அவன் கத்திக் கத்திக் கடவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் போன முறை எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் முறுக்கிவிட்டுத்தான் விட்டார். இரண்டு சேவைகளும் உறுதியானவை, பயனர்தான் பலவீனமானவர் என்று முடிவு அறிவிக்கப்பட்டது.

பிறகு அந்தரங்கச் சோதனை. எந்தச் சேவை ஒருவருடைய மெயிலை மற்றவர் படிக்க முடியாமல் காக்கிறது என்று பார்க்க, அவனுடைய மெயில்களை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். சிறகு மேடம் மேடைக்கு ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூதிலிருந்து படித்தார். அவன் வெளியூர் வேலையில் இருந்தபோது மனைவி எழுதிய மெயில் அது. அம்மா விரலை வெட்டிக்கொண்டாள் என்றும், வலிக்கிறதா என்று கேட்டால் எந்த விரல் என்று கேட்கிறாள் என்றும், ராத்திரியில் கடையைக் கழுவும்போது யாரும் இல்லை என்று நினைத்துத் தனியாக அழுகிறாள் என்றும் மனைவி எழுதியிருந்தாள். நீங்க இங்க இருந்தா தேவலை என்று முடித்திருந்தாள்.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். துடுப்பு சார், ஓலையில் இதே மெயில் இன்னும் தெளிவான எழுத்தில் தெரிகிறது என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மெக்கானிக்குக் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு அடி வாங்கியும் வராத ஒன்று அப்போதுதான் அவனுக்குள் வந்தது. ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டான். சிரித்தவர்கள் யார் யார் என்று.

அந்த நேரத்தில்தான் மெயில் வந்தது.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றாக டிங் என்றன. தூது அதைக் குப்பைக்கு அனுப்பியது. ஓலை அதை விளம்பரங்களில் போட்டது. நாள் முழுவதும் காத்திருந்த வித்தியாசம் கிடைத்துவிட்டதால் இரண்டு பிரிவுகளும் மேஜைகளைச் சூழ்ந்தன. துடுப்பு சார் திறந்து படித்தார். உங்களுக்கு ஒரு கண் கிடைத்துள்ளது. இது முற்றிலும் இலவசம். இன்று மாலைக்குள் கீழே உள்ள பொத்தானை அழுத்தாவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குச் செல்லும்.

"இது ஆஸ்பத்திரி மெயில் சார். இதுதான் சார் அது" என்றான் மெக்கானிக். எழப் பார்த்தான். காவலர் தோளில் கை வைத்தார், கழன்ற தோளில்.

சிறகு மேடம், இது அப்பட்டமான மோசடி என்றார். கண்ணை யாராவது இலவசமாகக் கொடுப்பார்களா என்று கேட்டார். இதைக் குப்பை என்று கண்டுபிடித்த தூதின் நுண்ணறிவைப் பாராட்ட வேண்டும் என்றார். துடுப்பு சார், இது மோசடி இல்லை, வெறும் விளம்பரம், குப்பைக்கும் விளம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாத சேவையை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். மெக்கானிக் காகிதம் மாதிரி கிழிந்த குரலில், அது உண்மை, அது உண்மை என்று சொல்லிக்கொண்டிருந்தான். மெயில் உண்மையா என்பது ஒப்பீட்டின் வரம்புக்குள் வராது என்று தலைவர் தெளிவுபடுத்தினார். குப்பை என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு துணைக்குழு போடலாம், அது அடுத்த வாரம் கூடலாம் என்றார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் பறந்தது ஒரு ஸ்டேப்ளர். யார் எறிந்தார்கள் என்பது பற்றி இன்றும் இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. அது துடுப்பு சாரின் புருவத்தில் பட்டு, அங்கேயே ஒரு பின்னையும் அடித்துவிட்டு விழுந்தது. அவர் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், எதிரே இருந்த கீபோர்டைப் பிடுங்கிச் சிறகுக்காரர் ஒருவரின் முகத்தில் அறைந்தார். எழுத்துகள் எல்லாம் பற்களோடு சேர்ந்து தரையில் உதிர்ந்தன. சிறகு மேடம் மேஜை மேல் ஏறி ஸ்கேலால் கிடைத்த காதுகளை எல்லாம் சீவினார். சங்கிலியோடு நாற்காலிகள் பிடுங்கப்பட்டன. நாற்காலியைவிடச் சங்கிலி உபயோகமானது என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். காலையில் லிஃப்ட்டில் இருந்த இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஒருவரைத் தீயணைப்புச் சிலிண்டரின் குழாயை வாயில் திணித்து அழுத்தினார்கள். அவர் நுரை கக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். ஒரு மானிட்டர் யாருடைய தலை வழியாகவோ உள்ளே போய்க் கழுத்தில் நின்றது. தலைவர் நடுக்கோட்டில் நின்று, உரிய வழியில் மனு கொடுங்கள், உரிய வழியில் மனு கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இரு பக்கமும் சமமாக உதைத்தார்.

காவலரின் மண்டையில் ஒரு பிரின்டர் இறங்கியதும் அவர் கை மெக்கானிக்கின் தோளை விட்டது. அவன் மேஜைக்கு அடியில் சரிந்தான். அங்கே நர்ஸ் இருந்தாள். முதலுதவிப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கையைப் பார்த்தாள். தன் கைக்குட்டையை எடுத்து, முட்டிகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அது மஞ்சள் நிறம்.

"நான் கட்டினேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள். பிறகு, "போங்க, பொத்தானை அமுக்குங்க. என் அண்ணனுக்கும் அங்கதான் கண்ணு வச்சாங்க" என்றாள்.

அவன் ஊர்ந்தான். யாரோ அவன் முதுகில் ஏறி ஓடினார்கள். யாருடைய ஷூவோ அவன் முகத்தில் பட்டு நெற்றியும் உதடும் கிழிந்தன. மேஜையின் காலைப் பிடித்து எழுந்தான். அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பிரிவுடையது என்று தெரியவில்லை. அது கோட்டின் மேலேயே வந்து கிடந்தது. திரையில் விரிசல் விழுந்திருந்தாலும் மெயில் திறந்தே இருந்தது. மவுஸைச் சம்மதம் என்ற பச்சைப் பொத்தானுக்குக் கொண்டுபோய் அழுத்தினான்.

பொத்தான் வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாகத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. எந்த உலாவியில் திறக்க, என்று கேட்டது. கீழே இரண்டு படங்கள். ஒன்று சிறகு, ஒன்று துடுப்பு.

அதை முதலில் பார்த்தது துடுப்பு சார்தான். அவர் கையில் இருந்த ஆளைக் கீழே விட்டார். சிறகு மேடம் ஸ்கேலை இறக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடம் முழுவதும் அடங்கியது. ரத்தம் சொட்டும் சத்தம் கேட்கும் அளவுக்கு அடங்கியது. வாரியம் தோன்றிய நாளிலிருந்து எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான். ஓர் அன்றாடப் பயனர், ஓர் அன்றாட வேலைக்காக, தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். தலைவரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அவசரமில்ல தம்பி. உன் மனசுக்குப் பிடிச்சதைச் செய்" என்றார். இரண்டு பக்கத்திலும் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் திரையைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டு படமும் புகை மாதிரிதான் தெரிந்தன. எதை அழுத்தினாலும் மறுபக்கம் கொன்றுவிடும் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. பயந்தான், ரொம்பவே பயந்தான். கட்டைவிரல் நுனி போன கையால் தடவித் தடவி வெட்டிக்கொண்டிருக்கும் அத்தையை நினைத்தான். மவுஸ் எதன் பக்கத்தில் இருந்ததோ அதை அழுத்தினான்.

பக்கம் திறந்தது. சம்மதத்தை அழுத்தினான். உங்கள் பதில் கிடைத்தது, நோயாளியை இன்றே அழைத்து வரவும், என்று வந்தது.

அப்புறம் எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். அவன் தேர்ந்தெடுக்காத பிரிவு, தேர்ந்தெடுக்காததற்காக அடித்தது. அவன் தேர்ந்தெடுத்த பிரிவு, தயங்கியதற்காக அடித்தது. அவன் இடுப்பில் ஸ்பேனர் இருந்தது. அது இருப்பதே அதுவரை அவனுக்கு உறைக்கவில்லை. மஞ்சள் கட்டுப் போட்ட கையால் அதை உருவினான். அந்தக் கை எப்படி எழும்பியது என்று டாக்டர்கள் பிறகு ஆச்சரியப்பட்டார்கள். வாழ்க்கையில் அவன் யாரையும் அடித்ததில்லை. லிஃப்ட் கதவைக்கூடத் தட்டித்தான் திறப்பான். துடுப்பு சாரின் முழங்கால் சில்லை அடித்தான். சிறகு மேடத்தின் ஸ்கேல் பிடித்த மணிக்கட்டை அடித்தான். மெயிலைப் படிக்கும்போது சிரித்தவர்கள் முகம் நினைவிருந்தது. அவர்களைத் தேடித் தேடி அடித்தான். அடிப்பது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. பின்னாளில் அதை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசும். வாங்கிய அடிகளை நினைத்து அல்ல. கடைசியில் அவன் மேல் ஒரு பீரோவைச் சாய்த்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லோரையும் படிக்கட்டு வழியாகத்தான் சுமந்து இறக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.

சேதி கேட்டு அவன் மனைவி மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவனைச் சேர்த்த ஆஸ்பத்திரியிலேயே, மேல் மாடியில், அன்றிரவே மாமியாருக்குக் கருவிழி வைத்தார்கள். அவன் மனைவி இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு காலிலும் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு, தாடையில் கம்பி. பேச முடியவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே ஒரு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாமியாரின் ஒரு கண்ணில் கட்டுப் பிரித்த அன்று, அவர் பிடிவாதம் பிடித்துக் கீழே வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலருகே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அவன் முகத்தை அவர் கடைசியாகத் தெளிவாகப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"யாரு மாப்ள உங்களை இப்படிப் பண்ணினது?" என்று கேட்டார். அவன் கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அவர் முந்தானையால் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் வாரியத் தலைவர் வந்தார். பழைய கட்டுகளோடு புதியவையும் சேர்ந்திருந்தன. கையில் பூங்கொத்து. தன்னை அறிமுகம் செய்துகொண்டு, வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அன்றாடப் பயனரின் தியாகத்தை வாரியம் மறக்காது என்றார். ஒரே ஒரு சின்ன விஷயம், கலவரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் நொறுங்கிவிட்டது, அவன் எந்த உலாவியை அழுத்தினான் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்றார். மெக்கானிக் தலையை இடமும் வலமும் அசைத்தான். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

தலைவர் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். "பரவாயில்ல தம்பி. எப்படியும் நெருக்கடியில செஞ்ச தேர்வு செல்லாது. வாரியத்தோட ஆயுசை இன்னும் பத்து வருஷம் நீட்டிச்சிருக்காங்க. எல்லாம் உன்னாலதான். கட்டுப் பிரிச்சதும் வந்துடு, முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். அம்மாவுக்கு இன்னொரு கண்ணும் பாக்கி இருக்காமே, நமக்கு அதுவும் வசதியாப் போச்சு."

மாமியார் குரல் வந்த திசையில் தலையைத் திருப்பினார். பழக்க தோஷம்.

"குனியக் கூடாது, அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க கொஞ்சம் கிட்ட வந்து குனியுங்க. உங்களை நல்லாப் பார்த்துக்கறேன்" என்றார்.

தலைவர் கழுத்துப் பட்டையோடு இடுப்பை வளைத்துக் குனிந்தார். முகத்தில் அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு இருந்தது. மாமியார் நிதானமாகப் பார்த்தார். நெற்றித் தையலைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், இரண்டு கண்களையும் பார்த்தார். பிறகு எழாமல், குனியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது கையை ஓங்கி ஒரு குத்து விட்டார். மூட்டுப் பார்த்து எலும்பு பிரித்த கை அது. தலைவர் பூங்கொத்தோடு பின்னால் போய் மருந்து வண்டியில் மோதி, அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்.

ரவுண்ட்ஸ் வந்த கண் டாக்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பிறகு உள்ளே வந்து, மாமியாரின் முகவாயை நிமிர்த்தி, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"பக்கம் தூரமெல்லாம் சரியாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியுது டாக்டர்" என்றார் மாமியார். "மூக்குன்னு பார்த்துத்தான் குத்தினேன். மூக்குலதான் பட்டுச்சு."